ஒரு பெயருக்கு இரண்டு அறை

விடிகாலையில் முதலில் விழிப்பது அவனுடைய வலது தோள்தான். அது எரிந்து எரிந்து எழுப்பிய பிறகுதான் அவன் கண்ணைத் திறப்பான். கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவில், வருஷக்கணக்காக மூட்டை உட்கார்ந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சதை திரண்டு மேடு தட்டியிருந்தது. அதைப் பார்த்து எவனோ ஒட்டகம் என்று கூப்பிடப்போய் அதுவே நிலைத்துவிட்டது. இப்போது சொந்தப் பேரைச் சொன்னால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

சுமக்கிற நாளில் அந்த மேடு மரத்துக் கிடக்கும். சும்மா இருக்கிற நாளில்தான் குடைச்சல். கொஞ்ச நாளாகக் குடைச்சல் மட்டும்தான்.

படுத்தபடியே தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தான். 'தோள்' என்கிற அரட்டை அறையைத் திறந்தான். நேற்றுக் காலையில் அவன் போட்ட 'தோள்' அப்படியே நின்றது. அதற்கு மேலே முந்தாநாள் போட்டது. அதற்கும் மேலே அதற்கு முந்தினது. எதற்கும் பதில் இல்லை. எந்தக் களத்திலிருந்தும் ஆள் கேட்டு ஒரு வரி இல்லை.

"இன்னைக்கும் ஒண்ணும் இல்ல," என்றான் கூரையைப் பார்த்து.

மனைவி லாண்டரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடுகிற வேலை. "ஒண்ணும் இல்லையா? அண்ணன் இப்பத்தானே படியிறங்கிப் போச்சு. மூட்டை தூக்கற கொக்கியும் தோள்ல கெடந்துச்சு."

"எங்க போனான்?"

"கொக்கிய மாட்டிக்கிட்டு பொண்ணு பாக்கவா போவாங்க? வேலைக்குத்தான்."

ஒட்டகம் எழுந்து உட்கார்ந்தான். மச்சான் வேலைக்குப் போயிருக்கிறான். சோடியை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அந்த ஊரில் சுமைக்காரர்கள் விடியுமுன்னே கேட்டில் போய்க் குந்திக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. களங்கள் மூன்று: மேட்டுக் களம், ரயிலடிக் களம், ஆற்றோரக் களம். எதில் சரக்கு வந்து இறங்கினாலும் அங்குள்ள மேஸ்திரி 'தோள்' அறையில் ஒரு வரி போடுவார். 'சிமெண்ட், ரயிலடி, ஆறு சோடி.' வருகிறவன் 'தோள்' என்று ஒற்றைச் சொல் போடுவான். அவனுடைய சோடிக்காரனும் அதே சொல்லைப் போட வேண்டும். இரண்டு தோளும் விழுந்தால்தான் அது சோடி. ஒருத்தன் போட்டு மற்றவன் வாயை மூடிக்கொண்டால், போட்டவன் 'பாதி'. பாதியாகப் போகிறவனுக்கு அங்கே மிச்சம் நிற்கிற இன்னொரு பாதியைத்தான் கட்டிவிடுவார்கள். யாரும் சேர்த்துக்கொள்ளாமல் மிச்சம் நிற்கிறவன் எந்த லட்சணத்தில் இருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் சோடியைப் பாதியாக்கிவிட்டுப் போவதைவிடக் கேவலமான காரியம் சுமைக்காரர்களிடையே ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைப் பற்றிப் பிறகு.

மச்சான் என்றால் மனைவிக்கு அண்ணன். அதே கட்டடத்தில் மாடியில் குடியிருந்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருவரும் சோடி. சோடியாக இருந்ததால்தான் கல்யாணமே நடந்தது. இருவரும் ஒரே உயரம், ஒரே எட்டு. சரக்கு ஏற்றுகிற சாய்வுப் பலகையில் ஏறும்போது முன்னால் போகிறவன் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே பின்னால் வருகிறவன் கால் மாற்றுவான். அப்படிப்பட்டவன் தனியாகப் போயிருக்கிறான்.

சாயங்காலம் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒட்டகம் வாசலில் போய் நின்றான். மச்சான் தலையிலிருந்து கால்வரை சாம்பல் பூத்து வந்தான். புருவத்தில்கூடத் தூசி.

"எங்க மச்சான், வேலையா?"

"இல்ல, பவுடர் பூசிக்கிட்டு வர்றேன்." மச்சான் நிற்காமல் ஏறப் பார்த்தான்.

"எந்தக் களம்?"

"ரயிலடி. ஏன், உனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? ஆள் கேட்டு ஒரு வரி வரல. நான் தினமும் தோள் போடறேன், நீ எட்டிக்கூடப் பாக்கல."

மச்சான் அப்போதுதான் நின்றான். "யாரு, நீயா போடற? தினமும் போடறது நான் மாப்பிள்ளை. நீதான் கல்லு மாதிரி உள்ள உக்காந்திருக்க. இருமிக்கிட்டே கெடப்பானே இருமல், அவனோட என்னைக் கட்டிவிட்டாங்க தெரியுமா? அவன் மூட்டையத் தூக்கறானா, மூட்டை அவனத் தூக்குதான்னே தெரியல. எடை பூரா என் பக்கம் சாயுது. உனக்குத் தோள் முடியலன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். வேற சோடி பாத்துக்கிட்டேன்னாலும் சொல்லியிருக்கலாம்."

"மச்சான், பொய் சொல்லாத."

"நீ சொல்லாத."

மனைவி நடுவில் வந்தாள். "ரெண்டு பேரும் போனைக் காட்டுங்க. எதுக்கு வாயால அடிச்சிக்கிறீங்க?"

சாப்பாட்டு மேசையில் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டிலும் மேலே ஒரே பேர்: தோள். இரண்டிலும் ஒரே படம்: கறுப்புக் கொக்கி. ஒட்டகத்தின் போனில் அவன் போட்ட தோள்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. மச்சானின் போனில் மேஸ்திரிகள் ஆள் கேட்ட வரிகள், சோடி சோடியாக விழுந்த தோள்கள், நடுநடுவே கேலி, சண்டை, ஒருத்தன் தொலைத்த செருப்பு பற்றிய விசாரணை. அதில் மச்சானின் தோள் ஒவ்வொரு காலையும் ஒற்றையாக நின்றது. ஒட்டகம் போட்டது ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பவர்கள் வரிசையில் ஒட்டகம் என்ற பேரும், கொக்கியோடு அவன் சிரிக்கிற பழைய படமும் இருந்தன.

"பாத்தியா, உள்ளதான் இருக்க," என்றான் மச்சான்.

"இதுலயும் உள்ளதான் இருக்கேன்," என்றான் ஒட்டகம் தன் போனைத் தட்டி.

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். இரண்டும் சேர்ந்து நிஜமாக இருக்க முடியாது. மனைவி இரண்டு போன்களையும் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒரு போன் கெட்டுப்போயிருக்கும்," என்றாள். எந்தப் போன் என்று அவள் சொல்லவில்லை. மச்சான் தன்னுடையதை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

மறுநாள் ஒட்டகம் போன் கடைக்குப் போனான். அவன் போன் யாரோ வைத்திருந்த பழசு. கொஞ்ச நாளைக்கு முன்னால் வாங்கியது இந்தக் கடையில்தான். முந்தைய போன் ரயிலடியில் இரும்புக் குழாய்க் கட்டுக்கு அடியில் விழுந்து சப்பையாகிப் போயிருந்தது. அன்றைக்குக் கடைக்காரன் பாஸ்வேர்டு கேட்டான். "அதெல்லாம் போனுக்குத்தான் தெரியும்," என்றான் ஒட்டகம். "போன்தான் செத்துப்போச்சே," என்றான் கடைக்காரன். கடைசியில் அதே ஒட்டகம் என்ற பேரில் புதுசாக ஒரு கணக்குத் திறந்து, தேடும் இடத்தில் 'தோள்', அதற்குப் பின்னால் சுமைக்காரர் சங்கத்துப் பொட்டியின் பேர் என்று அடித்து, கதவு திறந்ததும் உள்ளே அனுப்பிவைத்தான். இந்த அறைகளை நடத்துகிற கம்ப்யூட்டர் பொட்டி ஒன்று சங்கத்துக்குச் சொந்தமாக உண்டு. ஒவ்வொரு களத்துக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு. பொட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், அதனால் யார் எந்தப் பொட்டியில் கணக்கு வைத்திருந்தாலும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசலாம் என்பது அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவன் அதைப் புரிந்துகொண்டதில்லை. புரியாமலே இத்தனை காலம் நன்றாக ஓடியது.

"கெட்டுப்போகல," என்றான் கடைக்காரன் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு. "ரூம்தான் வேறயா இருக்கும். அடையாளத்தைப் பாத்தா தெரிஞ்சிரும்."

"பேர் ஒண்ணுதானே?"

"பேர் இல்லண்ணே, உள்ளுக்குள்ள இருக்கற அடையாளம்." செட்டிங்ஸில் ஏதேதோ திறந்து காட்டினான். முன்னால் ஒரு ஆச்சரியக்குறி. பிறகு குழந்தை கிறுக்கினதுபோல் பெரிசும் சிறுசுமாக எழுத்துகள். பிறகு இரண்டு புள்ளி. கடைசியில் சங்கத்துப் பொட்டியின் பேர். "இதே மாதிரி அவர் போன்லயும் பாருங்க. வால் வேறயா இருந்தா ரூம் வேற."

சாயங்காலம் மச்சான் குளிக்கப் போயிருந்த நேரம் ஒட்டகம் மாடிக்குப் போனான். மச்சானின் மனைவியிடம், "போனைக் கொஞ்சம் குடும்மா, ஒரு நம்பர் பாக்கணும்," என்றான். கடைக்காரன் காட்டின வழியிலேயே போய்த் திறந்தான். ஆச்சரியக்குறி, கிறுக்கல், இரண்டு புள்ளி. வாலில் மேட்டுக் களம் என்று இருந்தது.

அவன் காது சுட்டது.

மேட்டுக் களத்தில்தான் சரக்கு ஏற்றுகிற பலகை விரிசல் விட்டு உடைந்து, ஒருத்தன் மூட்டையோடு விழுந்து தொடையெலும்பு முறிந்து படுத்திருக்கிறான். பலகையை மாற்றுகிறவரை அந்தக் களத்துக்கு யாரும் தோள் போடக் கூடாது என்று சங்கம் முடிவெடுத்திருந்தது. அதை மீறிப் போகிறவனுக்குச் சுமைக்காரர்கள் வைத்திருக்கும் பேர் ஒன்றுதான். சோடியைப் பாதியாக்குவதைவிடக் கேவலமான காரியம் என்றது அதைத்தான்.

ரயிலடி என்றானே! தூசி சாம்பல் நிறமாகத்தானே இருந்தது? மேட்டுக் களத்தில் சுண்ணாம்பு. சுண்ணாம்பு வெள்ளை. ஆனால் வேர்வையில் நனைந்தால் வெள்ளையும் சாம்பலாகாதா? ஒட்டகம் அன்று ராத்திரி முழுக்க இந்த ஒரே மூட்டையை மாற்றி மாற்றித் தூக்கினான். மேட்டுக் களத்துக்காரன் தனியாக ஒரு தோள் அறை வைத்து, சங்கத்து ஆட்களை அதில் இழுத்துப் போட்டிருக்கிறான். மச்சான் அதில் போய் உட்கார்ந்திருக்கிறான். அப்படியென்றால் என் படம் எப்படி அந்த அறைக்குள்ளே இருந்தது? அதை யோசிக்கும்போது தலை கிறுகிறுத்தது. கிறுகிறுத்த இடத்தைத் தாண்டி மறுபடி கோபத்துக்கே வந்து சேர்ந்தான். கோபத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது.

மாசத்துக்கு ஒரு தடவை சங்கத்து வாசலில் கூட்டம். களங்கள் மூன்றுக்கும் லீவு விட்டு எல்லாச் சுமைக்காரர்களும் ஒரே இடத்தில் நிற்பது அந்த ஒருநாள்தான். அது அந்த வாரம் வந்தது. செயலாளர் பேனா பேசிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா செருகியிருப்பதால் வந்த பேர்; மூட்டையைத் தொட்டு வருஷம் பல ஆகிவிட்டது. உடைந்த பலகையைப் பற்றி அவர் சொல்லி முடித்ததும் ஒட்டகம் கை தூக்கினான்.

"பலகையப் பத்திப் பேசறீங்க. நம்ம ஆளே அந்தக் களத்துக்காரன் ரூம்ல உக்காந்திருக்கான், அதைப் பேசுங்க."

"யாரு?"

"என் மச்சான்தான். வால்ல மேட்டுக் களம்னு எழுதியிருக்கு. என் கண்ணால பாத்தேன். சோடிய விட்டுட்டுத் தனியாப் போயி சம்பாதிக்கிறான். கருங்காலி."

அந்தச் சொல் விழுந்ததும் வாசலில் நின்ற எல்லாரும் மச்சானைத் தேடித் திரும்பினார்கள். பேனா, "இன்னும் அந்த ரூம்லயா இருக்கான்? அதான் மாத்தியாச்சே!" என்றார். பக்கத்தில் நின்ற இருமல் தன் போனை எடுத்து, எதையோ திறந்து பார்த்து, முகம் வெளுத்து, சத்தமில்லாமல் மறுபடி பையில் போட்டுக்கொண்டான். ஒட்டகம் அதைப் பார்த்தான். மச்சானோடு சோடி போனவன் அல்லவா, அவனும் உடந்தை என்று நினைத்துக்கொண்டான்.

மச்சான் கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னால் வந்தான். "மாப்பிள்ளை, என்ன சொன்ன?"

"கருங்காலின்னு சொன்னேன்."

மச்சான் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைப் பிடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவன் கீழே வைத்திருந்த கொக்கியை எடுத்தான், தூசி தட்டினான், தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். பேனா பின்னாலிருந்து, "விசாரிக்கிற வரைக்கும் தோள் போடாத!" என்று கத்தினார்.

வீட்டில் மனைவி அன்று அவனுக்குப் பரிமாறவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். சுவர் பக்கமாகத் திரும்பி, "எங்கண்ணன் அப்படிச் செய்யாது," என்று மட்டும் சொன்னாள்.

"போன்ல இருக்கு."

"போன் என்ன, சாட்சிக்காரனா?"

மறுநாள் காலையில் வயர் அக்கா ஆள் அனுப்பினாள். களங்களில் மின்வேலை பார்க்கிறவள். சங்கத்துப் பொட்டியும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. கூட்டத்தன்று ஆற்றோரக் களத்தில் விளக்குக் கம்பம் சாய்ந்துவிட்டதால் அவள் வந்திருக்கவில்லை. சங்கத்து ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே, ரப்பர் வாசனையில் ஊறிக் கிடந்தது. மூலையில் மின்விசிறிக்கு நேராகப் பொட்டி முனகிக்கொண்டிருந்தது. பேனா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"வாய்யா," என்றாள் அக்கா. "ஊரே சிரிக்குது. என்ன பாத்த, எதைப் பாத்த?"

அவன் சொன்னான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்த ரூம் எப்ப ஆரம்பிச்சது தெரியுமா? நமக்குப் பொட்டியே இல்லாத காலத்துல. மேட்டுக் களத்துக் குமாஸ்தா ஒருத்தர், பாவம் நல்ல மனுசன், அவங்க பொட்டியில தொறந்து விட்டாரு. அதனால வால்ல அந்தப் பேர். அது பொறந்த இடம், அவ்வளவுதான். நீ எங்க பொறந்த?"

"பெரியாஸ்பத்திரியில."

"அப்ப நீ பெரியாஸ்பத்திரிக்குச் சொந்தமா?"

பேனா மூடியைத் திறப்பதை நிறுத்தினார்.

"நாம எல்லாரும் அந்த ரூம்லதான் இருந்தோம். நீயும் அதுலதான் இருந்த, உன் போன் நசுங்கற வரைக்கும். இப்பவும் உன் பழைய கணக்கு அதுலதான் கெடக்கு, பொணம் மாதிரி. அதைப் பாத்துட்டுத்தான் உன் மச்சான் நீ உள்ள இருக்கறதா நெனச்சிருக்கான்."

"அப்ப நான் இப்ப எங்க இருக்கேன்?"

"புது ரூம்ல." அவள் பேனாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். "இவருக்கும் உன்ன மாதிரிதான் வாலைப் பாத்துக் கடுப்பு. 'நம்ம பேச்சு அவன் வீட்டுலயா நடக்குது? நமக்குன்னு ஒண்ணு தொற, பேரை அதுக்கு மாத்து'ன்னாரு. தொறந்தேன். அதே பேர், அதே படம். சங்கத்துப் பேர்ப்பலகையக் கழட்டிப் புது வாசல்ல மாட்டினேன்."

"பேரை மாத்தினா எல்லாரும் மாறிருவாங்கன்னுதானே நான் நெனச்சேன்," என்றார் பேனா மேசையைப் பார்த்து.

"பேர் வாசல்ல தொங்கற போர்டுங்க. எந்த வாசல்ல வேணா மாட்டலாம். ஒரே வாசலுக்கு ரெண்டு போர்டுகூட மாட்டலாம். பழைய ரூமுக்கு மேட்டுக் களத்துக்காரன் மாட்டின போர்டு இன்னமும் தொங்குது. உள்ள உக்காந்திருக்கறவன் போர்டைப் பாத்துக்கிட்டா இருக்கான்? அவன் போனுக்குத் தெரிஞ்சது அந்தக் கிறுக்கல் அடையாளம் மட்டும்தான். அது மாறவே மாறாது. அதனால ஒருத்தன்கூட நகரல. புதுசா போர்டைப் பாத்து வந்தவன் மட்டும் புது ரூம்ல விழுந்தான். அப்படி வந்தவன் நீ ஒருத்தன்தான்."

ஒட்டகத்துக்கு வியர்த்தது. "சரிக்கா. அந்த ரூம் மேட்டுக் களத்துப் பொட்டியில இல்லேன்னா, எங்கதான் இருக்கு?"

"அதுலயும் இருக்கு. நம்ம பொட்டியிலயும் இருக்கு. ரயிலடியிலயும் ஆத்தோரத்துலயும் இருக்கு. உள்ள ஆள் இருக்கற எல்லாப் பொட்டியிலயும் ஒவ்வொரு பிரதி."

"ஒரே ரூமா, நாலு ரூமா?"

"ஒண்ணுதான்."

"நாலு எடத்துல இருக்கு, ஒண்ணுங்கற?"

"ஆமா."

"நான் இருக்கறது வேற ரூம், ஆனா பேர் ஒண்ணு. அது நாலு எடத்துல இருக்கு, ஆனா ரூம் ஒண்ணு." அவன் விரலை மடக்கிப் பார்த்தான், விட்டுவிட்டான். "மேட்டுக் களத்துக்காரன் பொட்டிய உடைச்சிட்டா?"

"அதுல கணக்கு வெச்சிருக்கற அவன் ஆளுங்க வெளிய நிப்பாங்க. ரூம் சாகாது. வால்ல அவன் பேரும் அப்படியே நிக்கும்."

அவனுக்குப் புரிந்ததும் புரியாததும் கலந்து தலைக்குள் ஒரு மூட்டையாக உட்கார்ந்தது. ஒன்று மட்டும் புரிந்தது: மச்சான் ரயிலடிக்குத்தான் போயிருக்கிறான். அந்தத் தூசி சிமெண்ட். ஒவ்வொரு காலையும் அவன் ஒட்டகத்துக்காகத் தோள் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறான். இருமல் முகம் வெளுத்ததற்கும் காரணம் தெரிந்தது. தன் போனிலும் அதே வாலைப் பார்த்துப் பயந்திருக்கிறான். அன்றைக்கு வாசலில் நின்றவர்களில் யார் போனைத் திறந்திருந்தாலும் அதே வால்தான் இருந்திருக்கும்.

"நீ முன்னாலயே சொல்லியிருக்கலாமேக்கா."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பழைய ரூம்ல 'எல்லாரும் புதுசுக்கு வாங்க'ன்னு ஒரு வரி போட்டிருக்கணும். புது ரூமுக்கு யாரு பொறுப்பாளரா இருக்கறதுன்னு இவங்களுக்குள்ள சண்டை. அது முடியட்டும்னு விட்டேன். அப்படியே மறந்துபோச்சு. என் தப்புதான்."

ஒட்டகம் பேனாவிடம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கண்ணே. மச்சான் மேல தப்பு இல்லேன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. விசாரணையும் வேணாம்னு சொல்லுங்க."

"சொல்லலாம், சொல்லலாம். அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்," என்றார் பேனா. மூடி மறுபடி திறந்து மூடத் தொடங்கியது.

"அதுவரைக்கும் அவன் தோள் போட முடியாதே!"

"நான் போட வேணாம்னா சொன்னேன்? விசாரிக்கிற வரைக்கும்னு சொன்னேன்."

அக்கா போனில் என்னவோ தட்டி, பழைய அறைக்கு அவனுக்கு அழைப்பு அனுப்பினாள். அவன் உள்ளே போனான். சொந்த வீட்டுக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தவன்போல் இருந்தது. மேஸ்திரிகளின் வரிகள், கேலி, தொலைந்த செருப்பு. மேலே மேலே தள்ளிப் பார்த்தான். மச்சானின் தோள்கள் ஒற்றை ஒற்றையாக நின்றன. ஒரு நாள் மட்டும் தோளுக்குக் கீழே இன்னொரு வரி: 'மாப்பிள்ளை, உடம்புக்கு என்ன?' அதற்கும் பதில் இல்லை. கடைசியில், கூட்டம் நடந்த அன்று, அறை தானாகப் போட்ட வரி ஒன்று: மச்சான் வெளியேறிவிட்டார்.

அங்கேயே டயர் கடைப் படியில் உட்கார்ந்து, கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தான். 'மச்சான் கருங்காலி இல்ல. நான்தான் வேற ரூம்ல இருந்தேன். தப்பு என்னோடது.' அனுப்பினான். புது அறைக்கும் போய் அதையே அனுப்பினான். புது அறையில் அதைப் படிக்க யாரும் இல்லை. பழைய அறையில் உடனே பதில் வந்தது.

'யார்ரா இது?'

'ஒட்டகம்.'

'ஒட்டகம் ஏற்கெனவே உள்ள இருக்கானே. படத்தோட இருக்கான். நீ யாரு?'

'நான்தான்டா. அது பழைய போன். குழாய் விழுந்து செத்துப்போச்சு.'

'செத்த போன் எப்படி உள்ள இருக்கும்?'

இன்னொருத்தன் எழுதினான்: 'ரெண்டு ஒட்டகம் இருக்கு. ஒண்ணு நேத்து வாசல்ல கருங்காலின்னு கத்துச்சு. இன்னொண்ணு இன்னைக்கு இல்லேங்குது. மேட்டுக் களத்துக்காரன் ஆளை விட்டு எழுத வைக்கிறான். எவனும் நம்பாதீங்க.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன.

அவன் திரும்பத் திரும்ப எழுதினான். எழுத எழுத அவன் அவன் இல்லாமல் போய்க்கொண்டிருந்தான். கடைசியில் யாரோ மேஸ்திரி, 'சும்மா தொந்தரவு பண்ணாதப்பா, ஆள் கேக்கற இடம் இது,' என்று முடித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்து தன் வாசலைத் தாண்டி மாடிக்கு ஏறினான். மச்சான்தான் கதவைத் திறந்தான். உள்ளே கூப்பிடவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. வலது தோளில் எண்ணெய் தேய்த்திருந்தான். இருமலின் பங்கையும் சேர்த்துத் தூக்கின தோள் தீயில் வாட்டினதுபோல் சிவந்திருந்தது.

"மச்சான், எல்லாம் வெளங்கிருச்சு. ரூமு ரெண்டு. போர்டை மாத்திட்டாங்க. வாலு பொறந்த இடமாம். நான்தான்..."

"எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்றான் மச்சான். "வெளங்கவும் வேணாம். நீ அந்தச் சொல்லை எங்க வெச்சுச் சொன்ன?"

"சங்கத்து வாசல்ல."

"யார் முன்னாடி?"

"எல்லார் முன்னாடியும்."

"அப்ப அங்க நின்னு, அவங்க எல்லாரும் நிக்கும்போது எடுத்துக்க. வீட்டு வாசல்ல வந்து எனக்குச் சொல்லாத. நான் யாருன்னு எனக்குத் தெரியும்."

"போன்ல போட்டேன் மச்சான். நம்ப மாட்டேங்கறானுங்க."

"நானும் உன் போனை நம்பல," என்றான் மச்சான். கொஞ்சம் தணிந்து, "தங்கச்சிகிட்ட எண்ணெய் குடுத்து மேல அனுப்பி வை, இங்க தீந்துபோச்சு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

மறுநாள் காலை தோள் வலித்து எழுப்பியதும் ஒட்டகம் பழைய அறையைத் திறந்து 'தோள்' என்று போட்டான். ஆற்றோரக் களத்து மேஸ்திரி கேட்டார்: 'சோடி எங்க?' அவன் கொக்கியை மாட்டிக்கொண்டு பாதியாகவே போனான். அங்கே மிச்சம் நின்ற இருமலை அவனோடு கட்டிவிட்டார்கள். எடை முழுக்க அவன் பக்கமே சாய்ந்தது. பலகையில் ஏறும்போது பின்னால் மூச்சுச் சத்தத்துக்குக் காது கொடுத்தான். இருமல் சத்தம்தான் கேட்டது.

திரும்பும்போது சங்கத்து வாசல் வழியாக வந்தான். வெறும் வாசல். டயர் கடைக்காரன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். அந்த வாசலில் எல்லாரும் மறுபடி நிற்க இன்னும் நாள் கிடக்கிறது. கருங்காலி என்று எல்லார் முன்னாலும் சொன்ன அந்தச் சொல்லை, எல்லார் முன்னாலும் அவன் வாயாலேயே திருப்பி எடுக்க வேண்டும். மச்சானுக்கு அவன் பட்ட கடன் அது. இன்னும் தீரவில்லை.